45 வயதுக்குப் பிறகு எடை தூக்கத் தொடங்கும் பெண்களுக்கு: சேலத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

அஸ்தம்பட்டியில் ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் இருந்த ஜிம்முக்குக் கீழே மூன்று மாலைகள் ஸ்கூட்டியை நிறுத்தி, படியேறாமலே வீடு திரும்பியிருக்கிறேன். அப்போது எனக்கு 48 வயது. அதற்கு முந்தைய வாரம்தான், கடைக்காரப் பையன் வாசலில் இறக்கிவிட்டுப் போன 25 கிலோ அரிசிச் சிப்பத்தை நானே தூக்கிச் சமையலறையில் வைத்திருந்தேன். அதில் பாதி எடைகூட இல்லாத ஒரு ராடை, அதாவது எடைத் தகடு மாட்டித் தூக்கும் இரும்புக் கம்பியைப் பிடிக்க ஏன் இத்தனை தயக்கம் என்று பிறகு உட்கார்ந்து யோசித்தபோதுதான், நான் ஒரே பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தது பல சிறு பயங்களைச் சேர்த்துக் கட்டிய மூட்டை என்று தெரிந்தது. கட்டாகக் கிடந்தவரை அது அசையவில்லை. பிரித்துப் பார்த்தபோது, ஒவ்வொரு பயத்துக்கும் எதிரே செய்து முடிக்கக்கூடிய ஒரு வேலை இருந்தது. அந்த வேலைகளைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதியிருக்கிறேன்.

எடை ஏன், நடை போதாதா?

காந்தி மைதானத்தில் பல ஆண்டுகளாக நடந்துவரும் தோழிகள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனத்துக்கும் நல்லது. அதை விட வேண்டியதில்லை. ஆனால் தசையையும் எலும்பையும் காக்க நடை மட்டும் போதாது. 30 வயதைக் கடந்தபின் ஒவ்வொரு பத்தாண்டிலும் நம் தசையில் 3 முதல் 8 சதவீதம் வரை குறையக்கூடும். பயன்படுத்தாவிட்டால் வேகம் கூடும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால், அடுத்து வரும் சில ஆண்டுகளில் எலும்பின் அடர்த்தியும் வேகமாக இறங்குகிறது. நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிடாய் பெரும்பாலும் 46, 47 வயதை ஒட்டி நிற்பதால், இந்தச் சரிவு நாம் எதிர்பார்ப்பதைவிட முன்னதாகவே தொடங்கிவிடுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்போடு, தசையை வலுப்படுத்தும் பயிற்சியைக் குறைந்தது இரண்டு நாள் செய்யச் சொல்கிறது. இரண்டாவது பாதியை நாம் யாரும் காதில் வாங்குவதே இல்லை. ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் நடந்து 2018-இல் வெளிவந்த ‘லிஃப்ட்மோர்’ ஆய்வில், எலும்பு அடர்த்தி குறைந்திருந்த, மாதவிடாய் நின்ற பெண்கள், வாரம் இருமுறை, முறைக்கு 30 நிமிடம், எட்டு மாதம் நேரடிக் கண்காணிப்பில் கனமான எடைகளைத் தூக்கினார்கள். அவர்களுடைய முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. வீட்டில் இலேசான பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் கூடவில்லை. ‘இந்த வயதில் எலும்பு உடைந்துவிடும்’ என்று நம்மைத் தடுப்பவர்களிடம் சொல்ல இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. கண்காணிப்பில் செய்தார்கள், படிப்படியாக ஏற்றினார்கள் என்ற இரண்டையும் மட்டும் விட்டுவிடாமல் சேர்த்துச் சொல்லுங்கள்.

முதல் வேலை: பயத்தை எழுதிப் பிரிப்பது

ஒரு கோடு போட்ட நோட்டை வாங்குங்கள். இந்த வழிகாட்டி முழுவதும் அது உங்களுடன் வரும். முதல் பக்கத்தில், ஜிம் என்றதும் மனத்தில் எழும் தயக்கங்களை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுங்கள். ‘வெட்கமாக இருக்கிறது’ என்று எழுதினால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. ‘தெரிந்த பையன்கள் அங்கே வருவார்கள்’, ‘இடுப்பு பிடித்துக்கொண்டால் நாளைக்கு யார் சமைப்பது’, ‘எந்த இயந்திரத்தில் எப்படி உட்காருவது என்று தெரியாமல் நிற்பேன்’, ‘மாமியார் என்ன சொல்வார்’ என்று நடக்கக்கூடிய காரியமாக எழுதுங்கள்.

எழுதியவற்றைப் பார்த்தால் அவை ஏறக்குறைய நான்கு வகைக்குள் அடங்கிவிடும்: பிறர் பார்வை, உடல் காயம், தெரியாமை, வீட்டுப் பேச்சு. பார்வைக்கான விடை நேரத்தையும் இடத்தையும் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. காயத்துக்கான விடை மருத்துவரிடமும், எடையை ஏற்றும் வேகத்திலும் இருக்கிறது. தெரியாமையை வீட்டிலேயே இரண்டு வாரத்தில் பெருமளவு தீர்த்துக்கொள்ளலாம். வீட்டுப் பேச்சுதான் கடைசி வரை இருக்கும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது: மருத்துவரிடம் என்ன கேட்பது

‘ஜிம்முக்குப் போகலாமா டாக்டர்?’ என்று பொதுவாகக் கேட்டால், ‘வாக்கிங் போங்கம்மா, போதும்’ என்ற பொதுவான பதில்தான் கிடைக்கும். எனக்கு அப்படித்தான் கிடைத்தது. அடுத்த முறை, ‘வாரம் இரண்டு நாள், சிறு எடையில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றப் போகிறேன், எனக்கு எந்த அசைவு கூடாது?’ என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குப் பத்து நிமிடம் உட்காரவைத்து விளக்கம் சொன்னார்கள்.

இரத்த அழுத்தம் இருப்பவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கக் கூடாது; ஓய்வில் இருக்கும்போதே 180/110-க்கு மேல் இருந்தால் அன்று எடையைத் தொடவே கூடாது. சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்களும், கிளிமெபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும், பயிற்சியின்போது சர்க்கரை திடீரென இறங்கக்கூடும் என்பதால், எப்போது சாப்பிட்டுவிட்டு வருவது என்று மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள் கண் மருத்துவரின் சம்மதம் இல்லாமல் கனமான எடைக்குப் போகக் கூடாது. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா பரிசோதனையில் எலும்புப்புரை என்று வந்திருந்தால், முதுகை வளைத்துச் செய்யும் சிட்-அப் வகைகளையும், எடையைப் பிடித்துக்கொண்டு உடலைத் திருகுவதையும் தவிர்க்க வேண்டும்.

இன்னொன்றை நாம் மருத்துவரிடம்கூடச் சொல்வதில்லை. இருமினாலோ தும்மினாலோ சிறுநீர் கசிவதும், கருப்பை இறங்கியதுபோல் அடிப்பகுதி கனப்பதும், இரண்டு மூன்று பிரசவம் கண்ட பெண்களிடம் மிகச் சாதாரணம். அதை மறைத்துக்கொண்டு எடை தூக்கினால் கூடக்கூடும். மகப்பேறு மருத்துவரிடம் காட்டி, இடுப்புத் தளத் தசைகளுக்கான பயிற்சியைக் கற்றுக்கொண்ட பிறகு தொடங்கினால் பெரும்பாலோரால் எடை தூக்க முடியும். ஜிம்மில் பெண் பயிற்றுநர் இருந்தால் அவரிடமும் சொல்லிவிடுங்கள். சொல்வதில் எந்தக் குறைவும் இல்லை.

மூன்றாவது: ஜிம்மைத் தேர்ந்தெடுப்பது

ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம், ஐந்து ரோடு, சூரமங்கலம் என்று எந்தப் பக்கம் பார்த்தாலும் இப்போது பலகைகள் தெரிகின்றன. வீட்டிலிருந்து பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் போய்விடக்கூடிய இடமாகப் பாருங்கள். தொலைவு கூடினால், சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் முதலில் நின்றுபோவது ஜிம்தான்.

பணம் கட்டுவதற்கு முன், நீங்கள் போக நினைக்கும் அதே நேரத்தில் ஒரு நாள் சும்மா போய் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். மாலை ஏழு மணிக்குக் கல்லூரிப் பையன்கள் கூட்டமாக இருக்கும் இடம், காலை பத்தரைக்கு ஏறக்குறைய காலியாக இருக்கும். பல இடங்களில் பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கி ‘லேடீஸ் பேட்ச்’ என்று நடத்துகிறார்கள். அது நல்ல தொடக்கம்தான். ஆனால் சில இடங்களில் அந்த நேரம் முழுவதும் ட்ரெட்மில்லிலும் கைகால் வீசும் பயிற்சியிலுமே கழிந்துவிடுகிறது. ராடும் டம்பெல்லும் பெண்களுக்கு எதற்கு என்ற எண்ணம் பயிற்றுநருக்கே இருக்கிறது. எனவே உட்கார்ந்திருக்கும் அரை மணி நேரத்தில், நம் வயதுப் பெண் யாராவது உண்மையாகவே எடை தூக்குகிறாரா என்று கவனியுங்கள்.

எடைகள் அடுக்கியிருக்கும் இடத்தையும் பாருங்கள். 1, 2, 3 கிலோ டம்பெல்கள் இருக்கின்றனவா? ராடில் மாட்டும் தகடுகளில் 1.25 கிலோ பிளேட் இருக்கிறதா? 20 கிலோ பெரிய ராடோடு, 8 அல்லது 10 கிலோ அளவில் சிறிய ராடும் இருக்கிறதா? சிறு எடைகள் இல்லாத இடத்தில் நம்மால் படிப்படியாக ஏற முடியாது; ஒரே தாவலாகத் தாவச் சொல்வார்கள். கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இந்த வயதில் அதுவும் ஒரு முக்கியமான தகுதி.

பயிற்றுநரிடம் இரண்டு செய்திகளை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஒன்று, ‘தம்பி, எனக்கு உடம்பு இளைக்க வேண்டும் என்பது இரண்டாம் பட்சம், பலம் வர வேண்டும்.’ மற்றொன்று, ‘நிலையைத் திருத்துவதற்குத் தொட வேண்டியிருந்தால் சொல்லிவிட்டுத் தொடுங்கள்.’ நல்ல பயிற்றுநர், ‘சரிங்க அக்கா’ என்று சொல்லி வாயாலேயே திருத்தப் பழகிக்கொள்வார். முகம் சுளிப்பவரிடம் பணம் கட்ட வேண்டாம். மூன்று மாதப் பணத்தையோ ஓராண்டுப் பணத்தையோ தள்ளுபடிக்காக ஒரே தடவையில் கட்டவும் வேண்டாம். முதலில் ஒரு மாதம் போதும்.

நான்காவது: வீட்டில் இரண்டு வாரம்

யாரும் பார்க்காத இடத்தில் உடலுக்கு அசைவுகளைப் பழக்கிவிட்டால், ஜிம்மில் கற்றுக்கொள்ள வேண்டியது எடை மட்டும்தான். மூன்று அசைவுகளை ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யுங்கள்.

முதலாவது, உறுதியான நாற்காலியில் கைகளை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது. பத்து முறை, சற்று ஓய்வு, மீண்டும் பத்து முறை. உட்காரும்போது தொப்பென்று விழாமல், மூன்று எண்ணும் வரை மெல்ல இறங்குங்கள். இரண்டாவது, சுவரிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் பதித்து, நெஞ்சைச் சுவரை நோக்கிக் கொண்டுபோய்த் திரும்பத் தள்ளுவது.

மூன்றாவதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. மாப் கம்பு ஒன்றை முதுகோடு சேர்த்துப் பிடியுங்கள்: அது பின்தலை, தோள்பட்டைகளுக்கு நடுப்பகுதி, புட்டம் ஆகிய மூன்று இடங்களிலும் தொட வேண்டும். முழங்காலை இலேசாகத் தளர்த்தி, பின்னால் இருக்கும் பீரோக் கதவைப் புட்டத்தால் தள்ளி மூடுவதுபோல் இடுப்பைப் பின்னுக்குக் கொண்டுபோங்கள். உடல் முன்னால் சாயும், முதுகு வளையாது. கம்பு மூன்று இடங்களில் ஒன்றை விட்டு விலகினால் முதுகு வளைகிறது என்று பொருள். நாம் இத்தனை ஆண்டுகளாகக் குனிந்து கூட்டிப் பெருக்கியதும், குடத்தைத் தூக்கியதும் பெரும்பாலும் முதுகை வளைத்துத்தான். எரிவாயு 14.2 கிலோவும் உருளையின் சொந்த எடையும் சேர்ந்து ஏறக்குறைய 30 கிலோ வரும் சிலிண்டரை நகர்த்தும்போது இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள், இந்த ஓர் அசைவைக் கற்றுக்கொள்வதற்காகவே ஜிம்முக்கு வரலாம். நான் இதைச் சரியாகப் பிடிக்க ஒன்பது நாள் ஆனது.

அம்மாப்பேட்டைப் பக்கம் தறியில் உட்காரும் பெண்களுக்கும், செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வீட்டிலேயே கொலுசு வேலை பார்க்கும் பெண்களுக்கும் இதோடு இன்னொன்று தேவை. மணிக்கணக்காகக் குனிந்தே இருப்பதால் அவர்களுக்குத் தோள் முன்னால் மடங்கி, கழுத்து இறுகியிருக்கும். சுவரில் முதுகையும் கைகளையும் ஒட்டிவைத்து, கைகளை மெல்ல மேலே சறுக்கிக்கொண்டுபோய் இறக்கும் அசைவைத் தினமும் பத்து முறை செய்துவந்தால், பிற்பாடு தலைக்கு மேல் எடை தூக்கும்போது தோள் இடம் கொடுக்கும்.

உடையும் செருப்பும்

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தளர்வான சுடிதார் மேற்சட்டையும் கணுக்கால் வரை ஒட்டிய பேன்ட்டும் போதும். உடலை இறுக்கிப் பிடிக்கும் உடை போட்டால்தான் ஜிம் என்று யாரும் சட்டம் எழுதவில்லை. துப்பட்டா மட்டும் வேண்டாம், இயந்திரத்தில் சிக்கும். வளையலையும் மோதிரத்தையும் வீட்டிலேயே கழற்றிவிட்டு, தாலிச் செயினைச் சட்டைக்குள் போட்டு ஊக்கு குத்திக்கொள்ளுங்கள். மெத்தென்ற ஓட்டக் காலணியைவிட, அடிப்பாகம் தட்டையாக இருக்கும் கேன்வாஸ் காலணி எடை தூக்குவதற்கு நல்லது; கால் தரையை உணரும்.

ஐந்தாவது: முதல் நான்கு வாரம்

வாரம் இரண்டு நாள், நடுவில் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி. செவ்வாய், வெள்ளி விரத நாள் என்றால் திங்களும் வியாழனும் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 40 நிமிடம் போதும். ஐந்து நிமிடம் சைக்கிளோ நடையோ செய்து உடலைச் சூடாக்கிய பிறகு இந்த ஆறையும் செய்யலாம்: உட்கார்ந்து கால்களால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ், உட்கார்ந்து நெஞ்சுக்கு முன்னால் தள்ளும் செஸ்ட் பிரஸ், மேலிருந்து கீழே இழுக்கும் லேட் புல்டவுன், உட்கார்ந்து இழுக்கும் ரோ, டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துப் பெஞ்சில் உட்கார்ந்து எழும் ஸ்குவாட், இரண்டு கைகளிலும் டம்பெல் பிடித்து 20 அடி நடந்து திரும்புவது. ஒவ்வொன்றிலும் 10 முறை கொண்ட ஒரு செட். மூன்றாம் வாரத்திலிருந்து இரண்டு செட்.

முதல் வாரங்களில் இயந்திரங்களையே அதிகம் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாதை ஏற்கெனவே வகுக்கப்பட்டிருப்பதால் எடை எங்கும் வழுக்கி விழாது. எடைத் தகடுகளில் செருகியிருக்கும் பின்னை மேலே கீழே மாற்றினால் எடை மாறிவிடும். யாரிடமும் உதவி கேட்க வேண்டியிருக்காது. இருக்கையின் உயரம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். அந்த எண்ணை நோட்டில் குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த முறை யாரையும் எதிர்பார்க்காமல் நேராகப் போய் உட்காரலாம். எனக்கு முதன்முதலில் தைரியம் வந்தது இந்தச் சிறு எண்ணால்தான்: ‘லெக் பிரஸ், இருக்கை 4’ என்று எழுதியிருந்ததைப் பார்த்து நானே நெம்புகோலைத் தள்ளி உட்கார்ந்த அன்று, அந்த இடம் எனக்கும் சொந்தம் என்று தோன்றியது.

எவ்வளவு எடை? பத்து முறை தூக்கி முடித்தபோது, ‘இன்னும் இரண்டு மூன்று முறை ஒழுங்காகத் தூக்கியிருக்கலாம்’ என்று தோன்ற வேண்டும். அதுதான் சரியான எடை. இன்னும் பத்து முறை முடியும் என்று தோன்றினால் குறைவு. எட்டாவது முறையிலேயே உடல் கோணினால் அதிகம். தூக்கும்போதும் தள்ளும்போதும் மூச்சை வாய்வழியே விடுங்கள், இறக்கும்போது இழுங்கள். பல்லைக் கடித்து மூச்சை அடக்குவது நமக்கெல்லாம் பழகிப்போனது. சிப்பத்தைத் தூக்கும்போது அப்படித்தான் தூக்குகிறோம். அதை மாற்ற, உதட்டுக்குள்ளேயே எண்ணிக்கொண்டு தூக்கினால் மூச்சு தானாக வெளியேறும்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடையும் கையும் வலிக்கும். படியிறங்கும்போது தெரியும், கைப்பிடிச் சுவரைப் பிடிக்க வேண்டிவரும். இரண்டு பக்கமும் ஒரேபோல், தசையின் நடுவில், அழுத்தினால் வலிப்பது புதிய வேலையின் வலி. மூன்று நாளில் போய்விடும். மூட்டுக்குள்ளே குத்துவதும், ஒரு பக்கம் மட்டும் சுருக்கென்று இழுப்பதும், முதுகிலிருந்து கால்வரை மின்சாரம்போல் ஓடுவதும் வேறு. அந்த அசைவை உடனே நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும். நெஞ்சு இறுகினாலோ, தாடையிலும் இடக்கையிலும் வலி பரவினாலோ, காரணமில்லாமல் மூச்சுத் திணறினாலோ, தலை சுற்றினாலோ, ‘வெயிலாக இருக்கும்’ என்று உட்கார்ந்திருக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நோட்டு

ஒவ்வொரு நாளுக்கும் தேதி, அசைவின் பெயர், எடை, எத்தனை முறை, தூக்கியபோது எப்படி இருந்தது என்று ஒரே சொல்: ‘சுலபம்’, ‘சரி’, ‘கஷ்டம்’. இவ்வளவு எழுதினால் போதும். ஒரே அசைவுக்கு எதிரே தொடர்ந்து இரண்டு நாள் ‘சுலபம்’ என்று வந்தால், அங்கே கிடைக்கும் மிகச் சிறிய அளவு எடையைக் கூட்டுங்கள். கூட்டுவதைப் பயிற்றுநர் முடிவு செய்யவில்லை, மனநிலை முடிவு செய்யவில்லை, நோட்டு முடிவு செய்கிறது. கண்ணாடியில் தெரியும் உடம்பு மூன்று மாதத்துக்கு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். எடை பார்க்கும் இயந்திரமும் பல சமயம் ஏமாற்றம்தான் தரும். ஆனால் தொடக்க மாதங்களில், புதிதாகத் தொடங்கியவர்களுக்கு, நோட்டில் உள்ள எண் ஏறிக்கொண்டே இருக்கும். தசை பருப்பதற்கு முன்பே நரம்புகள் தசையை ஒன்றுசேர்த்து வேலை வாங்கக் கற்றுக்கொள்வதால் அப்படி நடக்கிறது. அதனால் முதல் மூன்று மாதத்துக்கு நோட்டை மட்டும் நம்புங்கள்.

ஆறாவது: ராடு இருக்கும் பக்கம் போவது

நிறையப் பெண்கள் இயந்திரங்களோடு நின்றுவிடுவது இந்த இடத்தில்தான். கூடத்தின் ஒரு பக்கம் இயந்திரங்கள், மறுபக்கம் ராடும், அதைத் தாங்கும் ராக்கும், பெஞ்சும். நடுவில் கோடு எதுவும் இல்லை. இருந்தும் அந்தப் பக்கம் ஆண்களுக்கானது என்பதுபோல் நமக்குத் தோன்றுகிறது. அதைக் கடக்க நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

ஐந்தாம் வாரத்தில் முதலில் அந்தப் பக்கம் போய், எடை எதுவும் எடுக்காமல், உடலைச் சூடாக்கும் அசைவுகளை மட்டும் அங்கே நின்று செய்தேன். அடுத்த முறை, வழக்கமான 3 கிலோ டம்பெல்களை எடுத்துக்கொண்டு அங்கிருந்த பெஞ்சில் செய்தேன். மூன்றாம் முறை சிறிய ராடை எடுத்து, பிளேட் எதுவும் மாட்டாமல், வீட்டில் மாப் கம்போடு பழகிய அதே இடுப்பு அசைவைச் செய்தேன்: ராடைத் தொடையோடு ஒட்டிப் பிடித்து, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை இறக்கி, மூச்சை விட்டு நிமிர்வது. இதைத்தான் ருமேனியன் டெட்லிஃப்ட் என்கிறார்கள். பெயர் பெரிது, அசைவு நமக்கு ஏற்கெனவே தெரிந்தது. எட்டு முறை, இரண்டு செட். பிறகு இரண்டு பக்கமும் 1.25 கிலோ பிளேட், அடுத்து 2.5 கிலோ. பிளேட் மாட்டியதும், அது கழன்று விழாமல் பிடிக்கும் லாக்கை இரண்டு பக்கமும் போட மறக்கக் கூடாது.

அந்தப் பக்கத்துக்கென்று சில வழக்கங்கள் உண்டு. தெரிந்துவிட்டால் தயக்கம் பாதி குறையும். யாராவது ஒரு பெஞ்சில் இருந்தால், ‘இன்னும் எத்தனை செட் இருக்குங்க?’ என்று கேட்கலாம். தவறாக யாரும் நினைப்பதில்லை. ஒருவர் தூக்கிக்கொண்டிருக்கும்போது அவருக்கு முன்னால் குறுக்கே போகக் கூடாது. எடுத்த எடையை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். வியர்வை பட்ட பெஞ்சைத் துண்டால் துடைக்க வேண்டும். அறைக்குள் புழங்கும் முறை தெரிந்தவராக நடந்துகொள்ளும் ஒருவரை யாரும் புதியவராகப் பார்ப்பதில்லை. உண்மையைச் சொன்னால், பெரும்பாலோர் கண்ணாடியில் தங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதையும் மீறி ஒருவர் தொடர்ந்து உற்றுப் பார்த்தாலோ, படம் எடுத்தாலோ, பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பொறுப்பாளரிடம் அன்றே சொல்லுங்கள், சரிசெய்யாவிட்டால் வேறு இடம் பாருங்கள். ஒரு மாதப் பணம் மட்டும் கட்டச் சொன்னது இதற்காகவும்தான்.

பன்னிரண்டு வாரம் ஆகும்போது, லெக் பிரஸ்ஸுக்குப் பதிலாக ராடு அல்லது டம்பெல் ஸ்குவாட்டும், இடுப்பு அசைவும், தலைக்கு மேல் தள்ளும் ஷோல்டர் பிரஸ்ஸும், இழுக்கும் அசைவு ஒன்றும் என்று நான்கு அசைவுகளில் நிலைகொள்ளலாம். 8 முறையிலிருந்து 6 முறைக்குக் குறைத்து எடையைக் கூட்டும் கட்டம் அதன் பிறகு வரும். அதற்கு அனுபவமுள்ள பயிற்றுநர் பக்கத்தில் இருக்க வேண்டும்; எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்கு இது கட்டாயம்.

வீட்டுப் பேச்சும் வெளிப் பேச்சும்

‘இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?’ என்ற கேள்வியை என் மாமியார் கேட்டபோது நான் வாதம் செய்யவில்லை. அவர் 70 வயதில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து நான்கு மாதம் படுத்திருந்தவர்; பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். ‘அந்த மாதிரி எனக்கு வரக் கூடாதுன்னுதான் அத்தை போறேன்’ என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. சில வாரம் கழித்து, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழும் பயிற்சியைத் தனக்கும் சொல்லித்தரச் சொன்னார்.

‘கை கால் ஆம்பளை மாதிரி ஆகிவிடும்’ என்பவர்களுக்குப் பதில் எளியது. தசையைப் பெரிதாக்கும் டெஸ்டோஸ்டிரோன் பெண்களின் உடலில் ஆண்களுக்கு இருப்பதில் மிகச் சிறு பங்கே இருக்கிறது. வாரம் இரண்டு நாள் தூக்குவதால் அப்படி ஆவதில்லை. ‘எடை தூக்குவது பெண்களுக்கு உரியதில்லை’ என்பவர்களிடம், 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 69 கிலோ பிரிவில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்ற கர்ணம் மல்லேஸ்வரியை நினைவுபடுத்துங்கள். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு எடை தூக்கும் போட்டி தொடங்கியதே அந்த ஆண்டில்தான். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்ணும் அவரே. ஏற்காட்டுத் தோட்டங்களில் காப்பிப் பழம் பறித்துச் சாக்கில் சுமந்துவரும் பெண்களிடம் இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நேரம் கேட்பதுதான் வீட்டில் கடினமான பகுதி. ‘முடிந்தால் போகிறேன்’ என்று சொன்னால் ஒருநாளும் முடியாது. திங்களும் வியாழனும் காலை பத்தரை முதல் பதினொன்றே முக்கால் வரை நான் வீட்டில் இருக்க மாட்டேன் என்று நாள்காட்டியில் எழுதி மாட்டுங்கள். கூட ஒரு தோழி வந்தால் இன்னும் நல்லது. இருவரும் ஒரே நாளில் விட்டுவிடுவது அரிது.

சாப்பாடு

புரதம் இல்லாமல் தூக்கும் எடை பாதி வீண். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அன்றாடத் தேவையே 50 கிராம் புரதம். எடை தூக்குபவர்களுக்கு 70 கிராமை ஒட்டி இருந்தால் நல்லது. காலையில் இட்லியும் சட்னியும், மதியம் சாதமும் ரசமும், இரவில் தோசையுமாக இருக்கும் தட்டில் அதில் பாதிகூட வருவதில்லை. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் பனீரில் 18 கிராம், 30 கிராம் வேர்க்கடலையில் 7 கிராம், 50 கிராம் மீல்மேக்கரில் 25 கிராம், வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் 8, 9 கிராம் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது ஒன்றைச் சேருங்கள். நம் ஊர் ஜவ்வரிசி வடாமும் கூழும் சுவையானவைதான், ஆனால் அதில் இருப்பது மாவுச்சத்து மட்டும்; புரதக் கணக்கில் அது வராது. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. புரதப் பொடி வாங்கினால்தான் ஆயிற்று என்று யாராவது சொன்னால், முதலில் முட்டையையும் சுண்டலையும் மூன்று மாதம் சாப்பிட்டுப் பாருங்கள்.

இடைவெளி விழுந்தால்

விழும். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகையும் உறவினர் வருகையும், மகளின் பிரசவமும், காய்ச்சலும் வரும். மூன்று வாரம் போகாமல் இருந்துவிட்டால், விட்ட எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில் தொடங்கி, இரண்டு வாரத்தில் பழைய இடத்துக்கு வாருங்கள். முன்பு பெற்ற பலம் புதிதாகப் பெறுவதைவிட வேகமாகத் திரும்பி வரும். போகாத நாள்களுக்கும் நோட்டில் தேதி போட்டுக் காரணத்தை எழுதிவிடுங்கள். வெற்றுப் பக்கத்தைவிட ‘காய்ச்சல்’ என்று எழுதிய பக்கத்தைத் தாண்டிப் போவது சுலபம்.

ஏற்காடு, சேர்வராயன் மலைக் கிராமங்கள் போன்ற இடங்களில் இருந்துகொண்டு 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வர முடியாதவர்கள், இரட்டைத் தையல் போட்ட துணிப்பையில் 5 கிலோ மணலை அளந்து கட்டி, அதையே நெஞ்சோடு அணைத்து ஸ்குவாட்டும், கையில் பிடித்து இடுப்பு அசைவும் செய்யலாம். மாதம் ஒருமுறை ஒரு கிலோ மணலைக் கூட்டினால், பின்னை மாற்றுவதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

தொடங்கும் நாளிலேயே ஓர் அளவை எடுத்துவிடுங்கள். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடிக்குள் நாற்காலியிலிருந்து எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணி எழுதுங்கள். நான் தொடங்கியபோது 11. பன்னிரண்டாம் வாரத்தில் 17. அதே நாற்காலியில், அதே நேரத்தில் மறுபடி எண்ணி, இரண்டு எண்களையும் அருகருகே எழுதி, அதற்குக் கீழே அடுத்த பன்னிரண்டாம் வாரத்தின் தேதியைக் குறித்துவையுங்கள்.